கிளறாத பானையும் ஒரு சோறும்: கருத்துக்கணிப்பு பற்றிக் கேள்வி பதில்

இருபத்திரண்டு வருடமாக சர்வே வேலை. முதல் ஒன்பது வருடம் படிவக் கட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்தேன்; அப்புறம் அப்படி அலைகிறவர்களை மேற்பார்வை பார்க்கிறேன். இன்று மாலை முழுக்க உங்கள் கேள்விகளுக்கு. வாட்ஸ்அப்பில் ‘போல்’ என்கிற ஓட்டெடுப்பு, கைதூக்கல், பத்திரிகைக் கூப்பன், டிவியில் ‘உங்கள் கருத்தை அனுப்புங்கள்’, இப்படி யார் வேண்டுமானாலும் வந்து ஓட்டுப் போடுகிற வாக்கெடுப்பை மக்கள் கருத்து என்று எடுத்துக்கொள்ளலாமா? இதுதான் இன்றைய விஷயம். தேர்தலில் யார் ஜெயிப்பார் என்று கேட்காதீர்கள். கேட்பீர்கள், தெரியும்.

நெய்தல்: அக்கா, ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று பெரியவர்களே சொல்லிவிட்டார்கள். அப்படியானால் நாலு பேரைக் கேட்டால் போதாதா?

பதில்: பழமொழியில் தப்பில்லை. சொன்னவருக்கு மாதிரி எடுக்கும் வித்தை நன்றாகவே தெரிந்திருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறார். கொதிக்கிற தண்ணீர் அரிசியை மேலும் கீழும் புரட்டிக்கொண்டே இருக்கிறது. போதாததற்கு நாமும் கரண்டியை விட்டு ஒரு கிளறு கிளறுகிறோம். அதற்கப்புறம்தான் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்க்கிறோம். பானையில் இருக்கிற எந்தப் பருக்கையும் கரண்டிக்கு வந்திருக்கலாம். அதனால்தான் வந்த ஒன்று மற்றவைக்குச் சாட்சி சொல்கிறது. கிளறாமல் மேலாக அள்ளினால் அடிப்பிடித்தது தெரியவே தெரியாது. ஒரு பருக்கைக்குப் பதில் ஒரு கரண்டி நிறைய அள்ளினாலும் தெரியாது.

மனிதர்கள் ஒரே மூட்டை அரிசி இல்லை என்பதால் நாலு பேர் போதாது. சமவாய்ப்பில், அதாவது குலுக்கல் முறையில், 400 பேரை எடுத்தால் முடிவு ஐந்து சதவீதப் புள்ளி முன்பின் இருக்கும். 1,000 பேர் என்றால் மூன்று புள்ளி முன்பின். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை இந்த வரம்புக்குள் நிற்கும். மொத்த ஜனத்தொகை ஐம்பது லட்சமோ ஐம்பது கோடியோ, இந்தக் கணக்கு மாறாது. பானை பெரிது என்பதற்காகப் படிக்கணக்கில் எடுத்து யாரும் பதம் பார்ப்பதில்லையே.

யார் வேண்டுமானாலும் வரலாம் என்கிற வாக்கெடுப்பில் கிளறுகிற வேலையே கிடையாது. பருக்கை தானாகக் கரண்டிக்குள் குதிக்கிறது. எது குதிக்கும்? கொதிப்பில் இருப்பதுதான்.

ஒற்றைக்கால் கொக்கு: என் பக்கத்தில் ஒரு போல் போட்டேன். 41,000 பேர் ஓட்டுப் போட்டார்கள். டிவிக்காரன் 1,500 பேரைக் கேட்டுவிட்டு நாட்டின் குரல் என்கிறான். எது நம்பகம் மேடம்?

பதில்: 41,000 எல்லாம் சின்ன எண் ஐயா. இருபது லட்சத்துக்கும் மேல் பதில் வாங்கிக் கவிழ்ந்த கதை இருக்கிறது.

அமெரிக்காவில் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்று ஒரு வார இதழ். 1916 முதல் 1932 வரை ஒவ்வொரு அதிபர் தேர்தலிலும் ஜெயிக்கப்போகிறவரைச் சரியாகச் சொல்லிப் பெயர் வாங்கியது. 1936இல் ஏறத்தாழ ஒரு கோடி வாக்குச் சீட்டுகளைத் தபாலில் அனுப்பியது. முகவரி எடுத்தது பெரும்பாலும் டெலிபோன் புத்தகத்திலிருந்தும் கார் பதிவுப் பட்டியலிலிருந்தும். வந்த பதில்களைக் கூட்டிப் பார்த்து எதிர்க்கட்சி வேட்பாளர் லாண்டனுக்கு 57 சதவீதம், பதவியில் இருந்த அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு 43 என்றது. நடந்ததோ ரூஸ்வெல்ட்டுக்கு 61 சதவீதம். 48 மாநிலங்களில் லாண்டனுக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு, மெய்ன், வெர்மான்ட். இரண்டு வருடத்தில் இதழும் போய்விட்டது.

அதே தேர்தலில் ஜார்ஜ் கேலப் என்ற கருத்துக்கணிப்பாளர் ஏறத்தாழ 50,000 பேரைக் கேட்டு ரூஸ்வெல்ட் ஜெயிப்பார் என்றார். அவர் சொன்ன சதவீதமும் சில புள்ளிகள் குறைவுதான், ஆனால் ஆள் சரி. எனக்குப் பிடித்தது இன்னொன்று. டைஜஸ்டின் பட்டியல்களிலிருந்தே 3,000 பேரை எடுத்துக் கேட்டுவிட்டு, ‘டைஜஸ்ட் ரூஸ்வெல்ட்டுக்கு 44 சதவீதம் என்று சொல்லப்போகிறது, அது தப்பாகப் போகும்’ என்று முன்கூட்டியே அறிவித்தார். டைஜஸ்ட் சொன்னது 43.

காரும் போனும் வைத்திருந்தவர்கள் பணக்காரர்கள், அதனால் தப்பு என்று பாடப் புத்தகம் சொல்லும். அது பாதிக் கதை. சிகாகோவில் டைஜஸ்ட் பதிவான வாக்காளர்களில் மூன்றில் ஒருவருக்குச் சீட்டு அனுப்பியது. அங்கே பட்டியலில் கோளாறு இல்லை. பதில் போட்டவர்கள் சுமார் 20 சதவீதம். அவர்களில் பாதிக்கு மேல் லாண்டன் பக்கம். அந்த நகரத்திலோ ரூஸ்வெல்ட் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வாங்கினார். ஆட்சி மேல் எரிச்சலில் இருந்தவர்கள் மெனக்கெட்டுத் தபாலில் போட்டார்கள். மற்றவர்கள் சீட்டை மேசையில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்காதீர்கள். யார் வரவில்லை என்று கேளுங்கள். இதை இன்று இன்னும் பத்துத் தடவை சொல்லப்போகிறேன்.

புள்ளியியல் மாணவன்: அந்த 41,000க்குப் பிழை வரம்பு, அதாவது நீங்கள் சொன்ன ‘முன்பின்’, கணக்கிட்டால் அரை சதவீதம்கூட வராதே?

பதில்: சூத்திரத்தில் போட்டால் வரும் தம்பி. ஆனால் அந்தச் சூத்திரம் குலுக்கி எடுத்த மாதிரிக்கு எழுதியது. கிளறாத பானைக்குப் பிழை வரம்பு என்று ஒன்று கிடையாது. ஷியாவ்-லி மெங் என்ற புள்ளியியலாளர் 2018இல் அமெரிக்க வாக்காளர் தொகையை வைத்து ஒரு கணக்குப் போட்டார். ஒருவர் பதில் சொல்ல முன்வருவதற்கும் அவர் எந்தப் பக்கம் என்பதற்கும் இடையே 0.005 அளவு மெல்லிய தொடர்பு இருந்தாலே போதும், 23 லட்சம் பேரின் பதில் 400 பேர் கொண்ட சமவாய்ப்பு மாதிரியின் மதிப்புக்குச் சுருங்கிவிடும். 0.005 என்பது வகுப்பில் நீங்கள் ‘தொடர்பு இல்லை’ என்று எழுதிவிட்டுப் போகிற எண். அந்தக் கட்டுரையைத் தேடிப் படியுங்கள், உங்களுக்குப் புரியும்.

தமிழ்ப்புயல்: அடுத்த தேர்தலில் யார்?

பதில்: அடுத்த கேள்வி.

பழைய பேப்பர்: இந்த மாதிரி சும்மா ஓட்டெடுப்பு எப்போது ஆரம்பித்தது? ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரா போல்’ என்கிறார்களே, வைக்கோலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பதில்: ஆகா, கேளுங்கள். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க ஒரு வைக்கோலை மேலே தூக்கிப் போட்டால் போதும், கல்லைப் போட்டால் தெரியாது என்கிற அர்த்தத்தில் ஜான் செல்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் பதினேழாம் நூற்றாண்டில் சொன்னது. பதிவில் இருக்கிற மிகப் பழைய ஓட்டெடுப்பு 1824 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு எடுத்தது. அங்கே ஹாரிஸ்பர்க் நகரத்துப் பத்திரிகை ஒன்று டெலாவேர் மாநில வில்மிங்டனில் எடுத்த கணக்கை வெளியிட்டது: ஆண்ட்ரூ ஜாக்சன் 335, ஜான் குயின்சி ஆடம்ஸ் 169, கிளே 19, கிராஃபோர்டு 9. அந்தத் தேர்தலில் மக்கள் ஓட்டில் ஜாக்சன்தான் முன்னால் வந்தார். ஆனால் அங்கே அதிபரைத் தேர்ந்தெடுப்பது மாநிலங்களின் தேர்வர்கள்; அவர்கள் வாக்குகளில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. பிரதிநிதிகள் சபை ஆடம்ஸைத் தேர்ந்தெடுத்துவிட்டது. ஆக, பிறந்த அன்றே சரியாகச் சொல்லியும் தோற்ற சாதனம் இது. வைக்கோல் காற்றைக் காட்டும் என்பது நிஜம்தான். அதைப் போட்ட இடத்துக் காற்றை மட்டும் காட்டும்.

செங்காந்தள்: நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. பதில் சொல்லாதவனுக்கு அந்த விஷயத்தில் அக்கறை இல்லை. அக்கறை இல்லாதவன் கருத்தைத் தேடிப் பிடித்து எழுதிக்கொண்டு வருவதற்குப் பெயர் மக்கள் கருத்தா? அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

பதில்: சண்டைக்கு வந்ததற்கு நன்றி. அழுகிற பிள்ளை எது என்று தெரிய உங்கள் ஓட்டெடுப்பு உதவும், ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் எத்தனை பிள்ளைகள், எத்தனைக்குப் பசி என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

செங்காந்தள்: சரித்திரத்தை மாற்றியவர்கள் எல்லோரும் அழுத பிள்ளைகள்தான். தூங்குகிறவனை எழுப்பி ‘ஆமாவா, இல்லையா’ என்று கேட்டு, அவன் கொட்டாவி விட்டுச் சொன்னதையும் உயிரைக் கொடுப்பவன் சொன்னதையும் ஒரே எடையில் கூட்டுவது உங்கள் தொழில். அதற்குத்தான் அறிவியல் என்று பெயர்.

பதில்: நீங்கள் தனி ஆள் இல்லை. ஹெர்பர்ட் புளூமர் என்ற சமூகவியலாளர் 1948இலேயே இதைச் சொல்லிவிட்டார்: சமூகத்தில் கருத்து குழுக்கள் வழியாக, செல்வாக்கு வழியாக உருவாகிறது, ஆளுக்கு ஒன்று என்று தலையை எண்ணினால் அது பிடிபடாது. பிரான்சில் பியர் பூர்தியூ 1970களில் இன்னும் ஒரு படி மேலே போய், எல்லோருக்கும் எல்லாவற்றிலும் கருத்து இருக்கிறது என்ற நினைப்பே தப்பு என்றார். கொட்டாவிப் பதில் நிஜம். நானே ஆயிரக்கணக்கில் எழுதி வாங்கியிருக்கிறேன்.

ஆனால் சொல்லாதவனுக்கு அக்கறை இல்லை என்றீர்களே, அதை விட மாட்டேன். 1970களின் நடுவில் ஆன் லாண்டர்ஸ் என்ற பெயரில் எழுதிய பத்தியாளர் தன் வாசகர்களைக் கேட்டார்: மறுபடி வாழ்க்கையை ஆரம்பிக்க முடிந்தால் பிள்ளை பெற்றுக்கொள்வீர்களா? சுமார் 10,000 பேர் எழுதினார்கள். 70 சதவீதம் பேர் ‘மாட்டேன்’. அப்புறம் ஒரு செய்தித்தாள் முறையான மாதிரி எடுத்துப் பெற்றோர்களைக் கேட்டது. 91 சதவீதம் பேர் ‘பெற்றுக்கொள்வோம்’. அந்த 91 சதவீதத்துக்குத் தங்கள் பிள்ளைகள் மேல் அக்கறை இல்லை என்பீர்களா? நொந்துபோனவர் உட்கார்ந்து கடிதம் எழுதினார். நன்றாக இருப்பவர் எதற்காக எழுதப்போகிறார்?

செங்காந்தள்: பிள்ளை விஷயம் வேறு, பொது விஷயம் வேறு.

பதில்: சரி, பொது விஷயம். என் வேலையின் இரண்டாவது வருடம். பேருந்து நேரம் வசதியாக இருக்கிறதா என்று ஒரு சர்வே. ஐந்தாவது வீடு, பத்தாவது வீடு என்று போக வேண்டும். பூட்டியிருந்தால் திரும்ப வர வேண்டும். எனக்கு இருபத்து மூன்று வயது, உச்சி வெயில். பூட்டியிருந்த வீட்டை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டேன். யாருக்குத் தெரியப்போகிறது? பதினோராம் நாள் மேற்பார்வையாளர் என் படிவக் கட்டை விரித்தார். வயது என்ற கட்டத்தை மட்டும் விரலால் தடவிக்கொண்டே போனார். 64, 58, 71, 66. பிறகு தொழில் கட்டம்: ஓய்வு, இல்லத்தரசி, ஓய்வு. ‘ஏம்மா, இந்த ஊரில் யாரும் வேலைக்கே போவதில்லையா?’ என்றார். என் கட்டில் பத்தில் எட்டுப் பேர் பேருந்து நேரம் திருப்தி என்றிருந்தார்கள். பகலில் வீட்டில் இருப்பவருக்குக் காலை எட்டு மணி நெரிசலைப் பற்றி என்ன? அத்தனை பூட்டிய வீடுகளுக்கும் இரவு ஏழு மணிக்கு மேல் திரும்பப் போனேன். கதவைத் திறந்தவர்கள் கேள்வியை முடிக்கவே விடவில்லை, அவ்வளவு ஆத்திரம். அவர்கள் தூங்கவில்லை செங்காந்தள். பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தார்கள்.

செங்காந்தள்: அப்படியானால் என் பக்கத்துக்குத்தான் சாட்சி சொல்கிறீர்கள். ஆத்திரம் உள்ளவர்களைத்தான் உங்கள் படிவம் தவறவிட்டது.

பதில்: அடடா. சரி, அந்த அடி எனக்கு. என் சோம்பல் ஆத்திரக்காரர்களைத் தவறவிட்டது, ஆன் லாண்டர்ஸ் திருப்திக்காரர்களைத் தவறவிட்டார். இரண்டிலும் கிளறவில்லை. உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன்: கொந்தளிப்பைக் கொந்தளிப்பு என்றே போடுங்கள். ‘2,000 பேர் கோபமாக எழுதினார்கள்’ என்பது செய்தி. ‘மக்களில் 83 சதவீதம்’ என்று போட்டால்தான் எனக்கு இரத்தக் கொதிப்பு.

ஓரமாக நின்றவன்: நீங்கள் இருவரும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள், மற்றவர்களும் வரிசையில் நிற்கிறோம்! என் கேள்வி: ஒரு போலில் 60,000 பேர் ஓட்டுப் போட்டால்...

பதில்: கொக்குக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

மூன்றாம் மாடி: எங்கள் குடியிருப்பில் 320 வீடுகள். விளையாட்டுத் திடலை வண்டி நிறுத்துமிடமாக மாற்றலாமா என்று சங்க வாட்ஸ்அப் குழுவில் போல் போட்டோம். 74 ஓட்டு, அதில் 60 ‘ஆமாம்’. 81 சதவீதம் ஆதரவு என்று தலைவர் தீர்மானம் எழுதப்போகிறார். நான் செயலாளர். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். இன்றைக்கு வந்ததிலேயே உருப்படியான கேள்வி இதுதான்.

வீட்டுக்கு ஒரு ஓட்டு என்றே வைத்துக்கொள்வோம். ‘ஆமாம்’ சொன்னது 60 வீடு, ‘வேண்டாம்’ 14, வாயே திறக்காதது 246. அந்த 246 பேரும் எதிர்ப்பு என்றால் ஆதரவு 19 சதவீதம். அத்தனை பேரும் ஆதரவு என்றால் 96. உங்கள் போல் நிரூபித்தது இவ்வளவுதான்: 19க்கும் 96க்கும் நடுவில் எங்கோ. அந்த 81ஐ அழித்துவிட்டு இந்த இரண்டு எண்ணையும் தலைவரிடம் காட்டுங்கள்.

இரண்டாவது, குழுவில் வீட்டுக்கு யார் இருக்கிறார்கள்? பெரும்பாலும் வண்டி ஓட்டுகிறவர். திடலில் விளையாடுகிற பிள்ளைகள் குழுவில் இல்லை. சாயங்காலம் அங்கே உட்காருகிற பெரியவர்களும் இல்லை.

320 வீடுதான் என்றால் குலுக்கல்கூட வேண்டாம், எல்லா வீட்டையும் கேளுங்கள். ஆள் இல்லை என்றால் வீட்டு எண்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி 80 எடுங்கள். ஒன்பது பத்துப் புள்ளி முன்பின் இருக்கும், உங்கள் காரியத்துக்குப் போதும். ஒரே நிபந்தனை: குலுக்கலில் வந்த வீட்டை மாற்றக் கூடாது. பூட்டியிருந்தால் பக்கத்து வீடு கிடையாது. என் கதையை மேலே படித்தீர்கள்.

கேள்வியையும் மாற்றுங்கள். ‘வண்டி நிறுத்துமிடம் வேண்டுமா?’ என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? ‘திடலைத் திடலாகவே வைத்திருப்பதா, வண்டி நிறுத்துமிடமாக்குவதா?’ என்று இரண்டையும் சொல்லிக் கேளுங்கள்.

குத்தூசி: கருத்துக்கணிப்பு எல்லாமே கருத்துத் திணிப்புதான். கேள்வியிலேயே விடையை வைத்துவிடுகிறார்கள்.

பதில்: ‘எல்லாமே’ என்றால் ஒப்ப மாட்டேன். ஆனால் ஒரு சொல் போதும் என்பது உண்மை. அமெரிக்காவில் ஜனநாயகத்துக்கு எதிரான மேடைப்பேச்சு பற்றி ஒரு சோதனை, 1941இல் வெளியானது. ‘அனுமதிக்கலாமா?’ என்று கேட்டபோது ‘கூடாது’ என்றவர்கள் 62 சதவீதம். இன்னொரு கூட்டத்திடம் ‘தடை செய்யலாமா?’ என்று கேட்டபோது ‘செய்யலாம்’ என்றவர்கள் 46. அனுமதிக்காததும் தடை செய்வதும் காரியத்தில் ஒன்றுதானே? ‘தடை’ என்ற சொல் பலருக்குக் கை நடுக்கம் கொடுக்கிறது. கைதேர்ந்தவர்கள் எடுத்த கணிப்பிலேயே இந்தக் கூத்து. நடு இரவில் தோன்றியதைத் தட்டிவிடும் போலைப் பற்றி என்ன சொல்ல.

ரோபோ மாமா: தானாக ஓட்டுப் போடுகிற கணினி நிரல்களும் (போட்கள்) குறும்புக்காரர்களும் புகுந்தால்?

பதில்: புகுவார்கள். 2009இல் ‘டைம்’ இதழின் செல்வாக்கு மிக்கவர் இணைய வாக்கெடுப்பில் ஒரு இணையக் கூட்டம் தங்கள் ஆளை முதலிடத்தில் ஏற்றியதோடு நிற்கவில்லை. முதல் இருபத்தொரு பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் தங்கள் கேலி வாசகம் வருகிற மாதிரி வரிசையையே அடுக்கிக் காட்டியது. 2016இல் பிரிட்டனில் ஒரு ஆய்வுக் கப்பலுக்குப் பெயர் கேட்டதில் ‘போட்டி மெக்போட்ஃபேஸ்’ 1,24,109 ஓட்டு வாங்கி ஜெயித்தது. கப்பலுக்கு டேவிட் அட்டன்பரோ பெயர் வைத்தார்கள். ஜெயித்த பெயர் அதிலிருக்கிற ஆளில்லா நீர்மூழ்கிக்குப் போயிற்று. எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும், அது வேறு விஷயம்.

லட்சாதிபதி: ஒரு லட்சம் ஓட்டு வந்தால்கூடவா நம்பக் கூடாது?

பதில்: பானை. கரண்டி. மேலே போய்ப் படியுங்கள்.

புள்ளியியல் மாணவன்: இன்னொன்று அக்கா. கிளறாமல் எடுத்ததைப் பின்னால் கணக்கில் சரிசெய்ய முடியாதா?

பதில்: சில சமயம் முடியும், இதை மறைத்தால் எனக்கு நியாயம் இல்லை. 2012 அமெரிக்கத் தேர்தலின்போது எக்ஸ்பாக்ஸ் என்ற வீடியோ கேம் விளையாடுகிறவர்களிடம் தினமும் கேட்டார்கள். 3,45,000க்கு மேற்பட்டவர்கள். 93 சதவீதம் ஆண்கள், 65 சதவீதம் முப்பது வயதுக்குக் கீழே. இதைவிடக் கோணலான மாதிரி கிடைக்காது. ஆனால் ஒவ்வொருவரின் வயது, பாலினம், படிப்பு, மாநிலம், போன தடவை யாருக்குப் போட்டார் என்பது வரை அவர்களிடம் இருந்தது. அதை வைத்து ஆயிரக்கணக்கான சிறு குழுக்களாகப் பிரித்து, நாட்டின் உண்மையான விகிதத்துக்கு எடை போட்டார்கள். பெரிய நிறுவனங்களின் கணிப்புக்கு நெருக்கமாகவே வந்தது. ஒரு கைப்பிடிப் பெண்களும் ஒரு கைப்பிடி முதியவர்களும் உள்ளே இருந்ததால் முடிந்தது. வாட்ஸ்அப் போலில் உங்களிடம் இருப்பது ஒரு பெயரும் ஒரு பூப் படமும். எதை வைத்து எடை போடுவீர்கள்?

எடை போட்டாலும் பொய்யைப் பிடிக்க முடியாது. யார் வேண்டுமானாலும் சேருகிற இணைய சர்வே ஒன்றில் முப்பது வயதுக்குக் கீழ் உள்ளவர்களில் 12 சதவீதம் பேர் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலை ஓட்டத் தங்களுக்கு உரிமம் உண்டு என்று சொன்னதாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் எழுதியது. கேள்வியைப் படிக்காமலே ‘ஆமாம், ஆமாம்’ என்று தட்டிக்கொண்டு போகிறவர்கள்.

காளைமாடு: கூட்டத்தின் அறிவு என்று ஒன்று உண்டே? மாட்டின் எடையை ஜனங்கள் சரியாகச் சொன்ன கதை?

பதில்: பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் 1907இல் எழுதியது. ஒரு கண்காட்சியில் மாட்டின் எடையை ஊகித்துச் சீட்டில் எழுதும் போட்டி. 787 சீட்டுகள், நடு மதிப்பு 1,207 பவுண்டு, நிஜ எடை 1,198. அழகான கதை. ஆனால் அங்கே தராசில் ஏற்றிப் பார்க்க ஒரு மாடு இருந்தது. ஒருவர் கூட்டிச் சொன்னதை இன்னொருவர் குறைத்துச் சொன்னது ஈடுகட்டியது. கருத்தில் அப்படி எதிரும் புதிருமாகக் கழிந்துபோக ஒன்றும் இல்லை. எல்லோரும் ஒரே பக்கத்திலிருந்து வந்தால் தப்பு கூடிக்கொண்டேதான் போகும்.

தமிழ்ப்புயல்: சரி, யார் என்று வேண்டாம், எத்தனை சீட்?

பதில்: தம்பி.

நெய்தல்: அப்படியானால் இந்த மாதிரி ஓட்டெடுப்பே வீணா அக்கா?

பதில்: இல்லையே. பெரிய சர்வேக்குப் படிவம் எழுதும் முன் நானே பத்துப் பதினைந்து பேரை இப்படித்தான் பேச விடுகிறேன். என்ன சொல்லால் பேசுகிறார்கள், எனக்குத் தோன்றாத எந்தக் காரணத்தைச் சொல்கிறார்கள் என்று தெரியும். எண்ணிக்கையை மட்டும் எழுதி வைக்க மாட்டேன். நாலு பேர் சேர்ந்து எங்கே சாப்பிடப் போகலாம் என்று கை தூக்கினால் அதற்கும் நான் வர மாட்டேன். அங்கே மாதிரியும் மக்களும் ஒரே நாலு பேர்தான்.

மூன்றாம் மாடி: தலைவரிடம் 19, 96 காட்டினேன். முறைத்தார். ஆனால் 80 வீட்டுக்குச் சம்மதித்துவிட்டார். ஒரே ஒரு சந்தேகம்: பூட்டிய வீட்டுக்கு எத்தனை தடவைதான் போவது?

பதில்: குறைந்தது மூன்று. மூன்றும் வெவ்வேறு நேரம், அதில் ஒன்று ஞாயிறு சாயங்காலம். அப்புறமும் ஆள் இல்லை என்றால் ‘சந்திக்க முடியவில்லை’ என்று எழுதி, அந்த எண்ணிக்கையையும் தீர்மானத்திலேயே போடுங்கள். படிவத்தில் பேனாவால் எழுதுங்கள். பென்சில் வேண்டாம். தலைவர் முறைத்தார் என்கிறீர்களே.